முன்னரங்கிற் பாடியோர்: 1969 வுட்ஸ்டொக் விழாவும் பயில்முறை இசைக் குழுக்களும்

கலைவிழாக்களின் வரலாறு எழுதப்பட்டுள்ள முறையினை நோக்குமிடத்து ஓர் இயல்பு தெளிவாகப் புலனாகும். விழாவொன்றின் வரலாறு பெரும்பாலும் அவ்விழாவின் இறுதியில் மேடையேறியோரின் வரலாறாகவே அமைந்துவிடுகின்றது. சனம் இன்னும் வந்து சேராத வேளையில், ஒலிபெருக்கிகளைச் சோதித்துக்கொண்டிருந்த வேளையில் மேடையில் நின்று பாடியோர் அவ்வரலாற்றில் ஒரு பெயராக மட்டும் எஞ்சுவர். பல சந்தர்ப்பங்களில் அதுவும் எஞ்சுவதில்லை. மேலைநாட்டு றொக் இசையின் திறந்தவெளி விழாக்கள் பற்றி இன்று எண்ணற்ற நூல்கள் உள்ளன. எனினும், புகழ்பெற்ற குழுக்களுக்கு முன்னர் மேடையேறிய பெயர்பெறாக் குழுக்களையும் மாணவக் குழுக்களையும் மையமாகக் கொண்டு அவ்விழாக்களை நோக்குதல் அரிதாகவே நிகழ்ந்துள்ளது. 1969ஆம் ஆண்டு ஒகஸ்ட் மாதம் ஐக்கிய அமெரிக்காவின் நியூ யோர்க் மாநிலத்தில் நடைபெற்ற வுட்ஸ்டொக் விழாவினை அந்நோக்கிலே ஆராய முற்படுகின்றோம்.

முதற்கண் ஒரு வேறுபாட்டைத் தெளிவுபடுத்தல் வேண்டும். பெரிய குழுவொன்றுக்கு முன் சிறிய குழுவொன்று பாடுவதை எமது மரபிலுள்ள அரங்கேற்றத்துடன் ஒப்பிடும் எண்ணம் தமிழ் வாசகருக்கு இயல்பாகவே தோன்றலாம். அவ்வொப்பீடு பொருந்தாது. அரங்கேற்றத்தில் அவையினர் புதியவரைக் கேட்பதற்கென்றே வருகின்றனர். குருவும் சுற்றமும் முன்வரிசையிற் காத்திருக்கின்றனர். இங்கோ பாடுவோன் வேறொருவரைக் கேட்க வந்த கூட்டத்தின் முன் நிற்கின்றான். அவன் எவ்வளவு விரைவில் இறங்குவான் என்பதே அக்கூட்டத்தின் எதிர்பார்ப்பு. நிகழ்ச்சியை ஒழுங்குசெய்யும் வணிகருக்கோ அவன் மலிவானவன், நேரத்தை நிரப்புபவன். இந்நிலையில் நின்று வென்றோரும் தோற்றோரும் எக்காரணங்களால் அவ்வாறாயினர் என்பதே எமது வினா.

வுட்ஸ்டொக் விழாவின் புறச் செய்திகள் பலரும் அறிந்தவை. ஆதலின் அவற்றைச் சுருக்கமாகவே கூறுவோம். மைக்கல் லாங், ஆட்டி கோண்பீல்ட், ஜோன் றொபேட்ஸ், ஜோயல் றோசன்மன் என்னும் இளைஞர் நால்வர் இதனை ஒரு வணிக முயற்சியாகவே தொடங்கினர். முதலிற் தெரிவுசெய்யப்பட்ட வோல்கில் என்னும் ஊர் 1969 யூலை நடுப்பகுதியில் அனுமதி மறுத்தது. எஞ்சியிருந்த ஒரு மாதத்தினுள் பெத்தல் என்னுமிடத்தில் மக்ஸ் யாஸ்கர் என்பாரின் பாற்பண்ணை நிலம் பெறப்பட்டது. விழாவுக்குப் பெயர் தந்த வுட்ஸ்டொக் என்னும் ஊர் அங்கிருந்து நாற்பது மைலளவு தொலைவில் உள்ளது என்பதும் ஈண்டு குறிப்பிடற்பாலது. மூன்று நாட்களுக்குமான நுழைவுச்சீட்டு முன்கூட்டிப் பெறுவோருக்கு 18 டொலர். நாளோ குறுகியது, மேடையையும் வேலியையும் ஒருங்கே முடிக்க இயலாது போகவே, மேடை முடிந்தது, வேலி முடியவில்லை. வேலியில்லாத நிலத்தில் நாலு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் கூடினர் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட மதிப்பீடு. விழா இலவசமாயிற்று. ஒழுங்கமைப்பாளர் பத்து இலட்சம் டொலருக்கும் மேற்பட்ட கடனுக்காளாயினர்.

பிற்காலத்தார் இவ்விழாவைச் சமத்துவத்தின் திருவிழாவாகப் போற்றினர். பார்வையாளரைப் பொறுத்தவரை அக்கூற்றில் ஓரளவு உண்மை உண்டு. மேடையைப் பொறுத்தவரை அதனை ஏற்பதற்கில்லை. அக்காலத்தில் வெளியான ஊதியப் பட்டியலின்படி ஜிமி ஹென்ட்றிக்ஸுக்கு 18,000 டொலரும், ஜோன் பயேஸுக்கு 10,000 டொலரும், சந்தானா குழுவினர்க்கு 750 டொலரும், குவில் என்னும் குழுவினர்க்கு 375 டொலரும் விதிக்கப்பட்டிருந்தன. முதலாமவருக்கும் இறுதியிற் கூறப்பட்டோருக்கும் இடையிலுள்ள விகிதம் நாற்பத்தெட்டுக்கு ஒன்று. இது மட்டுமன்று. சனி இரவில் த ஹூ, கிறேற்புல் டெட் ஆகிய குழுக்கள் பணம் கைக்கு வந்தாலன்றி மேடையேறோம் என நின்றன. உள்ளூர் வங்கியொன்று நள்ளிரவில் திறக்கப்பட்டுப் பணம் கொடுக்கப்பட்டது. பேரம் பேசும் அத்தகைய வலிமை சிறிய குழுக்களுக்கு இருக்கவில்லை. வேலைநிறுத்தம் செய்யும் தொழிலாளி, தான் இன்றி ஆலை இயங்காது என்பதை அறிந்தவன். முன்னரங்கிற் பாடுவோன் தான் இன்றியும் விழா நடைபெறும் என்பதை அறிந்தவன்.

இனி, மேடையொழுங்கு எவ்வாறு மாறியது என்பதனை நோக்குவோம். 15ஆந் தேதி வெள்ளி மாலை விழா தொடங்கவேண்டியிருந்தபோது, முதலிற் பாடவேண்டிய சுவீற்வோட்டர் என்னும் குழுவினர் வீதி நெரிசலில் அகப்பட்டிருந்தனர். வந்திருந்தோருள் ஒரு கிற்றாருடன் உடனே மேடையேறக்கூடியவராக நின்றவர் றிச்சி ஹேவன்ஸ். அவரே முதலில் அனுப்பப்பட்டார். தாம் ஏறக்குறைய மூன்று மணி நேரம் பாடியதாக அவர் பிற்காலத்திற் கூறிவந்தார். எஞ்சியுள்ள ஒலிநாடாக்கள் அதற்குச் சான்று பகரவில்லை. நிகழ்ச்சி அதனினும் மிகக் குறுகியதே. பாடுவோனின் நினைவில் நேரம் நீள்வது இயல்பு. ஆயினும், கைவசமிருந்த பாடல்கள் தீர்ந்த நிலையிற் பழைய ஆன்மிகப் பாடலொன்றை அடியாகக் கொண்டு மேடையிலேயே புதியதொன்றை இயற்றினார் என்பது உண்மை. அப்பாடலே அவரை உலகறியச் செய்தது.

ஹேவன்ஸுக்குப் பின் பேசியவர் ஒரு தமிழர் என்பதை எமது வாசகர் பலர் அறிந்திலர். கோயம்புத்தூரையடுத்த செட்டிப்பாளையத்தில் 1914இற் பிறந்த சுவாமி சச்சிதானந்தர், றிஷிகேசத்துச் சிவானந்தரிடம் துறவு பெற்றவர். 1953இல் இலங்கைக்கு அனுப்பப்பட்டவர். திருகோணமலையிலும் பின்னர் கண்டியிலும் ஆச்சிரமம் நடத்தியவர். 1966இல் மேலைநாட்டுக்குச் சென்ற அவர் நியூ யோர்க்கில் இளைஞரிடையே யோகப் பயிற்சி அளித்துவந்தார். கண்டியிலே சிறு கூட்டங்களுக்கு உரையாற்றிய ஒருவர் மூன்றே ஆண்டுகளின் பின் இத்துணைப் பெருங்கூட்டத்தின் முன் இசையின் ஆற்றல் பற்றிப் பேச நேர்ந்தது. இதனை வைத்து வுட்ஸ்டொக் எமது விழா என உரிமை கோருவது நகைப்புக்கிடமாகும். எனினும், மேடையிற் பாடியோரைப் போலவே அவரும் அன்றைய கூட்டத்தார் பெரும்பாலோருக்கு முன்பின் அறியாத ஒருவராகவே இருந்தார் என்பதனால் இங்கு அவரைக் குறிப்பிடுகின்றோம்.

மேடையின் பொறியமைப்பும் கருத்திற் கொள்ளற்பாலது. ஒரு குழு பாடிக்கொண்டிருக்கையில் மறுபக்கத்தில் அடுத்த குழுவின் கருவிகளை வைத்து, மேடையைச் சுழற்றி, இடைநேரத்தைக் குறைப்பதெனத் திட்டமிட்டிருந்தனர். கருவிகளின் பாரத்தைத் தாங்காது அச்சுழல்மேடையின் சில்லுகள் உடைந்தன. அதன்பின் ஒவ்வொரு குழுவின் பெட்டிகளும் கையாற் சுமந்து ஏற்றி இறக்கப்படலாயின. மழையும் பெய்தது. நனைந்த மேடையில் மின்கருவிகளை இயக்குதல் உயிராபத்து. இவ்வாறு ஏற்பட்ட இடைவெளிகளே தனிப்பாடகரின் வாய்ப்பாயின. சனியன்று கண்ட்றி ஜோ மக்டொனல்ட் தம் குழுவின்றித் தனியே வந்து பாடினார். அது வெள்ளியா சனியா என்பதிலேயே நெடுங்காலம் குழப்பம் நிலவியது. வெள்ளி இரவு மழையிற் பாட இன்கிறெடிபிள் ஸ்ரிங் பாண்ட் மறுத்தமையால் அவ்விடத்துக்கு அனுப்பப்பட்டவர் மெலனி என்னும் இருபத்திரண்டு வயதுப் பெண். அவரைக் கேட்டோர் மிகச் சிலரே. பெரிய கூட்டத்தின் முன் ஒருபோதும் நின்றறியாத அவர் அச்சத்துடன் மேடையேறியதைப் பின்னர் பலவிடத்தும் விபரித்துள்ளார். இருளில் மெழுகுதிரிகள் ஏற்றப்பட்ட அக்காட்சியினின்று பிறந்த பாடல் 1970இல் அவருக்குப் பெரும் வெற்றியைத் தந்தது. கருவி குறைந்தவர்க்குக் காலம் வாய்த்தது எனலாம். ஆனால், திறமை தன் வழியைத் தானே கண்டுகொள்ளும் என்னும் கூற்றுக்கு இவற்றை ஆதாரமாகக் காட்டுவோரோடு நாம் உடன்படவில்லை. மழை பெய்யாதிருப்பின் மெலனியின் வரலாறு யாதாகியிருக்கும்?

சந்தானா குழுவின் நிலை வேறு. சான் பிரான்சிஸ்கோவில் அறியப்பட்ட அக்குழுவின் முதலாவது இசைத்தட்டு அம்மாத இறுதியிலேயே வெளிவந்தது. கிழக்குக் கரையிற் பெரும்பாலோர் அவர்களைக் கேட்டதில்லை. அவ்வாறாயின் சனி பிற்பகலில் அவர்களுக்கு இடம் எவ்வாறு கிடைத்தது? பில் கிறகாம் என்னும் நிகழ்ச்சி வணிகர் தமது ஒத்துழைப்புக்கு ஈடாக அவர்களைச் சேர்க்குமாறு வற்புறுத்தினார். மேளம் அடித்த மைக்கல் சிறீவுக்கு அப்போது வயது இருபது. அவர்கள் அன்று நிகழ்த்தியது பேராற்றல் வாய்ந்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் பேராற்றலைக் காட்டுதற்கு முதலில் மேடை வேண்டும். மேடைக்கு ஒரு கிறகாம் வேண்டும்.

கிறகாம் இல்லாதோரின் கதையைக் குவில் குழுவிற் காணலாம். பொஸ்ரன் நகரத்தவரான இவர்கள் விழாவுக்கு முந்திய நாட்களில் ஒழுங்கமைப்பாளரின் வேண்டுகோட்படி அயலூர்களிலே நல்லெண்ண நிகழ்ச்சிகள் நடத்தினர். நீள்மயிர் இளைஞர் கூட்டம் வரப்போகின்றதென அஞ்சியிருந்த ஊராரை இணங்கவைப்பதற்கு இவர்களே பயன்படுத்தப்பட்டனர். சிறைகளிலும் மனநோயாளர் இல்லங்களிலும் பாடினர். சனிக்கிழமை நண்பகலில் அன்றைய நிகழ்ச்சிகளைத் தொடக்கிவைத்தோரும் இவர்களே. கூட்டத்தினருக்குக் கிலுக்கிகள் முதலிய சிறு தாளக்கருவிகளை எறிந்து, தம்முடன் சேர்ந்து இசைக்குமாறு அழைத்தனர். ஒலியும் படமும் ஒன்றோடொன்று பொருந்தாமற் போனமையால் திரைப்படத்தில் அவர்களைச் சேர்க்க இயலவில்லை என்பர். 1970இல் ஓர் இசைத்தட்டு வந்தது, விற்பனையாகவில்லை, குழு கலைந்தது. விழாவுக்காக மிகுதியாக உழைத்த இசைஞர் யார் என எம்மைக் கேட்டால் இவர்களையே கூறுவோம்.

பயில்முறைக் குழு என்னும் பெயர் முற்றிலும் பொருந்துவது ஷா நா நா என்னும் மாணவக் குழுவுக்கே. இதனைச் சற்று விரிவாக நோக்குதல் தகும். பல்கலைக்கழகச் சங்கமொன்றின் ஏட்டில் அதற்கு நியாயமும் உண்டு.

நியூ யோர்க் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் கிங்ஸ்மன் என்னும் மாணவர் பாடற்குழுவொன்று இருந்தது. கருவிகளின்றிக் குரல்களாற் பாடுவது அதன் மரபு. 1968 ஏப்ரிலில் அப்பல்கலைக்கழகம் பெருங் கொந்தளிப்புக்குள்ளாயிற்று. ஹாலம் மக்களின் அயலிலுள்ள பொதுப் பூங்காவில் உடற்பயிற்சிக்கூடம் அமைக்க நிருவாகம் முயன்றமையும், போர் ஆய்வு நிறுவனமொன்றுடன் அது கொண்டிருந்த தொடர்பும் மாணவரைக் கிளர்ந்தெழச் செய்தன. கட்டடங்கள் கைப்பற்றப்பட்டன, ஒரு வாரத்தின் பின் பொலிசார் புகுந்து ஏறக்குறைய எழுநூறு பேரைக் கைதுசெய்தனர். போராட்டக்காரரும் அவர்களை எதிர்த்த விளையாட்டு வீரரும் ஒருவரையொருவர் பகைத்து நின்றனர். இப்பின்னணியில், ஜோர்ஜ் லெனாட் என்னும் பட்டப்பின் மாணவர், தம் தம்பி றொபேட் சேர்ந்திருந்த அப்பாடற்குழுவுக்கு ஒரு புதிய உருவம் கொடுக்க எண்ணினார். 1950களின் எளிய றொக் அன்ட் றோல் பாடல்களை, எண்ணெய் தடவி வாரிய தலைமயிரும் பளபளக்கும் உடையும் ஆட்டமுமாக நிகழ்த்துவதே அவரது திட்டம். 1969 இளவேனிலிற் பல்கலைக்கழக வளாகத்திலே நிகழ்ந்த அந்நிகழ்ச்சிக்குக் கூட்டம் திரண்டது. பகைத்து நின்ற இரு சாராரும் ஒரே இடத்தில் நின்று ஆர்ப்பரித்தனர் என்று பின்னாளில் லெனாட் சகோதரர் எழுதினர்.

அவர்களே மேலும் ஒன்று கூறினர். தாம் காட்டிய 1950கள் உண்மையில் இருந்தவையல்ல. தம்மாற் கற்பிக்கப்பட்டவை என்பதே அது. உண்மையான 1950கள் அச்சமும் அரசியல் வேட்டையும் நிறைந்தவை. மாணவர் அரங்கேற்றியதோ கவலையற்ற ஒரு பொற்காலம். பிளவுண்ட சமூகம் இல்லாத கடந்தகாலமொன்றைப் படைத்து அதில் ஒன்றுசேர முயல்வது அமெரிக்கருக்கு மட்டும் உரியதன்று. பொற்காலங்கள் பற்றிய எமது சொந்த எழுத்துக்களைப் பயின்றோர் இதனை எளிதில் விளங்கிக்கொள்வர். 1970களில் அந்நாட்டில் எழுந்த ஐம்பதுகள் மோகம் முழுவதையும் தம் குழுவின் விளைவாகவே அவர்கள் காண்பது மிகையெனத் தோன்றுகின்றது. ஆயினும் காலவொழுங்கு அவர்கள் பக்கமே உள்ளது. கிறீஸ் என்னும் இசைநாடகம் 1971இலேயே முதலில் மேடையேறியது.

பன்னிருவர் கொண்ட இம்மாணவக் குழு அக்கோடையில் நியூ யோர்க்கின் த சீன் என்னும் இசைவிடுதியிற் பாடலாயிற்று. அங்கு அவர்களைக் கண்டு மகிழ்ந்தோருள் ஜிமி ஹென்ட்றிக்ஸும் ஒருவர். அவருடைய ஆதரவே அவர்களுக்கு விழாவில் இடம் கிடைத்தமைக்குக் காரணம் என்பர். வளாகத்துக்கு வெளியே விரல்விட்டு எண்ணத்தக்க மேடைகளையே அவர்கள் அதுவரை கண்டிருந்தனர். இசைத்தட்டு எதுவும் இல்லை. ஞாயிறு இரவிற் பாடக் காத்திருந்த அவர்கள், பிற்பகற் புயலாலும் நீண்ட இடைவெளிகளாலும் பின்தள்ளப்பட்டு, 18ஆந் தேதி திங்கட் காலை ஏழரை மணியளவிலேயே மேடையேறினர். இரவு முழுவதும் உறங்காத, சேற்றில் நனைந்த மக்கள் ஊர் திரும்பிக்கொண்டிருந்தனர். எஞ்சியோர் தொகை பற்றிய மதிப்பீடுகள் வேறுபடுகின்றன. பெருங்கூட்டம் கலைந்துவிட்டது என்பதில் வேறுபாடில்லை. அந்நிலத்தில், அவ்வேளையில், தங்கநிற ஆடை பூண்ட மாணவர் சிலர் பத்தாண்டுக்கு முந்திய நடனப் பாடல்களைப் பாடிக் குதித்ததைக் கண்டோர் திகைத்தனர். அவர்களுக்கு அடுத்து மேடையேறியவர் ஹென்ட்றிக்ஸ். விழா முழுவதிலும் அதிக ஊதியம் பெற்றவருக்கு நேர்முன் நின்றோர் மிகக் குறைந்த ஊதியம் பெற்றோருள் அடங்குவர். இறுதிக்கு முந்திய இடம் மதிப்புக்குரியதெனக் கருதப்படுவது வழக்கம். இங்கு அது எவரும் விரும்பாத, எஞ்சிக்கிடந்த ஓர் இடமே.

அவர்களை மறதியிலிருந்து மீட்டது திரைப்படம். மைக்கல் வோட்லி நெறிப்படுத்தி 1970இல் வெளிவந்த வுட்ஸ்டொக் என்னும் ஆவணப்படத்தில் அவர்களின் பாடலொன்று சில நிமிடங்கள் இடம்பெற்றது. படவுரிமைக்காகத் தமக்குக் கிடைத்தது ஒரு டொலர் எனக் குழுவினர் கூறியுள்ளனர். அந்நிமிடங்களே அக்குழுவுக்குப் பல்லாண்டு வாழ்வளித்தன. 1977 முதல் 1981 வரை அவர்களின் பெயரில் ஒரு தொலைக்காட்சித் தொடர் நடைபெற்றது; 1978இல் வெளியான கிறீஸ் திரைப்படத்திலும் அவர்கள் தோன்றினர். இதற்கு மாறாக, விழாவில் எழுந்து நின்று ஆரவாரிக்கப்பட்ட பேட் சோமர் என்னும் இளம்பாடகர் படத்திற் சேர்க்கப்படவில்லை; அவர் பெயரை இன்று அறிந்தோர் மிகச் சிலர். பெரியோரும் விடுபட்டனர் என வாதிடலாம். ஜனிஸ் ஜொப்ளின் முதற் படத்தில் இல்லை; 1994இன் விரிவாக்கப் பதிப்பிலேயே சேர்க்கப்பட்டார். கிறீடென்ஸ் குழுவினர் தாமாகவே தம் காட்சிகளை அனுமதிக்க மறுத்தனர். ஆனால், படம் இன்றியும் அவர்கள் புகழ் குன்றவில்லை. சோமருக்கும் குவிலுக்கும் அந்தப் படமே அனைத்துமாக இருந்தது. ஒரே விடுபாடு இருவேறு நிலையினரை இருவேறு விதமாகத் தாக்குகின்றது என்பதே இங்கு கவனிக்கற்பாலது.

இவர்கள் எல்லோருக்கும் கீழே மற்றொரு படியும் இருந்தது. ஹொக் பாம் என்னும் கூட்டுவாழ்வுக் குழுவினர் பெருமேடைக்கு அப்பால், மரங்களின் அருகே, ஓர் இலவச மேடையை அமைத்திருந்தனர். எவரும் ஏறலாம், எவரும் பாடலாம். ஜோன் பயேஸும் அங்கு சென்று பாடினார். அதனாலேயே அம்மேடை நூல்களில் இடம்பெறுகின்றது. அங்கு பாடிய மற்றையோரின் பெயர்களை எவரும் எழுதிவைக்கவில்லை.

மாணவக் குழுவினர் சிலரின் பிற்கால வாழ்வும் சொல்லத்தக்கது. றொபேட் லெனாட் 1970இல் குழுவை விட்டு நீங்கி மொழியியல் பயின்று, கென்யாவிற் களவாய்வு செய்து, ஹொவ்ஸ்ரா பல்கலைக்கழகத்தில் தடயமொழியியற் பேராசிரியரானார். வுட்ஸ்டொக் மேடையில் முன்னின்று பாடிய அலன் கூப்பர் விவிலிய ஆய்வறிஞராகி, நியூ யோர்க்கின் யூத இறையியற் கல்லூரியிற் கற்பித்தார். ஜோர்ஜும் பேராசிரியரே ஆனார். பாட்டு அவர்களுக்குப் பிழைப்பாக வேண்டியிருக்கவில்லை. திரும்பிச் செல்ல நூலகம் இருந்தது. குவில் குழுவினர் குழு கலைந்தபோது அத்தகைய ஒரு வாயில் திறந்திருந்ததா என்பது வேறு வினா. பயில்முறைக் கலைஞன் என்னும் சொல்லை நாம் பெருமையுடன் வழங்கும்போது, பயில்முறையாளனாக இருப்பதற்கும் ஒரு பொருளாதார அடிப்படை வேண்டும் என்பதை மறந்துவிடுகின்றோம்.

2019இல், விழாவின் ஐம்பதாம் ஆண்டையொட்டி, எஞ்சியிருந்த மேடை ஒலிப்பதிவுகள் ஏறத்தாழ முழுமையாக 38 குறுந்தட்டுக்களில் வெளியிடப்பட்டன. பேட் சோமரும் குவிலும் சுவீற்வோட்டரும் அவற்றில் தத்தம் இடத்தில், தாம் பாடிய ஒழுங்கிலே பாடுகின்றனர். ஐம்பது ஆண்டுகளின் பின் அவர்களுக்குக் கிடைத்த நீதி அது. வெளியிடப்பட்ட படிகள் 1,969 மட்டுமே. அத்தொகுப்பிலும் சில குறைகள் உள. ஹென்ட்றிக்ஸின் இரு பாடல்களை அவரது உரித்தாளர் விரும்பாமையால் விலக்கினர். ஷா நா நா குழுவின் நிகழ்ச்சியில் ஒரு பகுதியும் இல்லை. அதனை எவரும் விலக்கவில்லை. அவர்கள் பாடிய வேளையில் அது நாடாவிற் பதிவாகவேயில்லை.